பண்டாரத்தாரும் நம் பாண்டிநாட்டுக் கற்களும்

(மகா கும்பாபிஷேக விழாவில், மூன்றாங்கால யாகபூசை நிறைவெய்திய இரவு நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்

  

விழாக் குழுவினர் அடியேனுக்கு இட்ட தலைப்பு 'திருக்கோயிற் பணியின் பெருமை' என்பது. முதல் நாள் இரவிலேயே சிவாகம வல்லுநர் ஒருவர் அதனை அங்கோபாங்கமாக எடுத்து விளக்கிவிட்டார். அவர் சொன்னதையே யானும் சொன்னால், பூசைக்கு வைத்த நைவேத்தியத்தை இரண்டாம் முறை நிவேதிப்பது போலாகும். ஆகவே குழுவினரிடம் இசைவு பெற்று, கோயில் கட்டாத, கோயிலுக்கு ஒரு வேலி நிலமும் எழுதிவைக்காத ஒருவரைப் பற்றி இன்றிரவு பேசப் போகின்றேன். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு அவர் செய்த திருப்பணியோ பெரிது.

நமக்கு அணித்தேயுள்ள திருச்சுழியலை முதலில் நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கிவந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் இராமேச்சுரத்தினின்று மீளும் வழியில் அங்கே தங்கினார், திருமேனிநாதரைப் பாடினார், அன்றிரவு கனவிலே இறைவன் காளை வடிவினனாய்க் கையிற் பொற்செண்டுடன் தோன்றித் தான் கானப்பேரில் இருப்பதாக அருளினான். இவ்வளவும் சேக்கிழார் பெருமான் நமக்குச் சொல்லித் தந்தது. சுவாமிகள் சென்ற பின்னர் அக்கோயிலில் நாள்தோறும் விளக்கேற்றியவர் யார்? நெய்க்கு வழி செய்தவர் யார்? இவை சேக்கிழார் புராணத்துள் இல்லை. அக்கோயிலின் கல்லிலும், குண்டாற்றங்கரையில் அதற்கு அயலேயுள்ள பள்ளிமடத்துக் கோயிலின் கல்லிலும் இருக்கின்றன. அந்தக் கற்கள் சொல்வதைத் தமிழ் மக்கள் தமிழிலேயே கேட்கும்படி செய்தவர்களுள் தலையாயவர் ஆராய்ச்சிப் பேரறிஞர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவர்கள்.

குடந்தைக்கு அருகில் மண்ணியாற்றங்கரையை அடுத்த திருப்புறம்பியத்தில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் பண்டாரத்தார் பிறந்தார். தந்தையார் வைத்தியலிங்கப் பண்டாரத்தார். தாயார் மீனாட்சி அம்மையார். அதற்கு மூன்று நாள் முன்னர், அதே திங்கள் 12ஆம் நாள், பொருநைக் கரையில் கல்லிடைக்குறிச்சியிலே பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பிறந்தார். சோழர்க்கும் பாண்டியர்க்கும் வரலாறு எழுதப் பிறந்த இருவர் மூன்று நாள் இடைவெளியில் இவ்வுலகிற்கு வந்தனர் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மீதூர்கின்றது. ஒருவர் பல்கலைக்கழகங்களில் உயர்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். மற்றவர் பள்ளி இறுதி வகுப்போடு பள்ளிப்படிப்பை நிறுத்தித் தமிழில் எழுதினார். ஒருவரையொருவர் மறுத்தும் எழுதியுள்ளனர். அது பின்னர் வரும்.

திருப்புறம்பியம் மூவர் பாடலும் பெற்ற தலம். சாட்சிநாதப் பெருமான் எழுந்தருளியிருப்பது. விநாயக சதுர்த்தி இரவிலே பிரளயம் காத்த பிள்ளையாருக்குத் தேனால் அபிடேகம் செய்யும் ஊர். அவ்வூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கி.பி. 880ஐ ஒட்டி அங்கே ஒரு பெரும்போர் நடந்தது. மதுரையினின்று படையெடுத்துச் சென்ற இரண்டாம் வரகுணபாண்டியன் ஒருபுறம். பல்லவ அபராசிதனும், அவனுக்குத் துணைவந்த கங்க மன்னன் பிருதிவீபதியும் மறுபுறம். ஆதித்த சோழனும் பல்லவர் பக்கத்தே நின்றான் என்பர். பிருதிவீபதி களத்தில் மாய்ந்தான். எனினும் நம் பாண்டியன் தோற்றான். அதன்பின் எழுந்தது சோழர் பேரரசு. கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வ'னில் திருப்புறம்பியம் பள்ளிப்படையிலே நள்ளிரவிற் சதியாளர் கூடும் இடத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த மண்ணிலே ஓடி விளையாடிய சிறுவனே பிற்காலத்தில் அப்போரின் வரலாற்றை எழுதினான்.

குடந்தைப் பள்ளியில் அவருக்குத் தமிழறிவு ஊட்டியவர் நற்றிணைக்கு உரைகண்ட பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் அவர்கள். ஆசிரியர் சங்க நூலுக்குள் அழைத்துச் சென்றார். மாணவர் அங்கிருந்து கல்வெட்டிற்குள் புகுந்தார். 1917 முதல் 1942 வரை இருபத்தைந்து ஆண்டுகள் குடந்தை பாணாதுரை உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர் பணி. பள்ளித் தமிழாசிரியரின் வருவாய் அந்நாளில் எவ்வளவென்பதை இங்குள்ள முதியோர் அறிவர். அந்த வருவாயிலேதான் நூல் வாங்கினார். ஊர் ஊராய்க் கோயில்களுக்குச் சென்றார். 'செந்தமிழ்', 'தமிழ்ப்பொழில்' முதலிய இதழ்களுக்குக் கட்டுரை எழுதினார். 1930இல் 'முதற் குலோத்துங்க சோழன்' வெளிவந்தது. 1940இல் 'பாண்டியர் வரலாறு'. 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெறாதவர் பல்கலைக்கழக ஆசிரியரானார். 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தின் முதற்பகுதி 1949இலும், இரண்டாம் பகுதி 1951இலும் அங்கிருந்து வெளியாயின. 1956இல் மதுரைத் திருவள்ளுவர் கழகத்தார் 'ஆராய்ச்சிப் பேரறிஞர்' என்ற பட்டத்தை வழங்கினர். வரகுணன் வென்று கொள்ள முடியாத திருப்புறம்பியத்திலிருந்து ஒரு புலவர் மதுரைக்கு வந்து பட்டம் பெற்றுச் சென்றார் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. 1960ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் பண்டாரத்தார் சிவப்பேறு எய்தினார். சோழர் சரித்திரத்தின் மூன்றாம் பகுதி அதற்கடுத்த ஆண்டில் அச்சாகி வெளிவந்தது.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவே. அவர் செய்த வேலை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

மேற்சொன்ன வரகுணபாண்டியன் எந்த ஆண்டில் முடிசூடினான்? பழைய ஏடுகளில் விடையில்லை. புராணங்கள் யுகக்கணக்கில் பேசும். பழனிக்கு அணித்தாக ஐவர்மலை என்றொரு குன்று உண்டு. அங்கே ஒரு சமணத் துறவியார் பழுதுற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளைப் புதுப்பித்து, அவிபலிக்குப் பொன் வைத்து, அதனைப் பாறையில் வெட்டுவித்தார். வெட்டுவித்தவர் சக ஆண்டு 792 என்றும், அது வரகுணனுக்கு எட்டாம் ஆண்டு என்றும் சேர்த்து எழுதிவிட்டார். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870, அதனின்று எட்டாண்டைக் கழித்தால் 862. பாண்டிய மன்னர் பலருடைய காலத்தை அளப்பதற்கு இந்த ஓர் ஆண்டே முளைக்கோலாக நிற்கின்றது. நம் சைவ மன்னனின் காலத்தைக் காத்துத் தந்தவர் ஒரு சமண முனிவர். அதுவும் ஒரு சீர்ணோத்தாரணத்தின்போது! திருமடத்தில் பரசமய நிராகரணம் படித்துவளர்ந்த யான் இதனை முதன்முதற் படித்தபோது சிறிது நேரம் நூலை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி, நம் பக்கத்துப் பள்ளிமடம். பராந்தக சோழன் மதுரையைக் கைக்கொண்ட பின்னர்ப் பாண்டியர் நிலை தாழ்ந்தது. கி.பி. 949இல் தக்கோலத்துப் போரிலே சோழர் வீழ்ச்சியுற்றபோது பாண்டிநாட்டில் வீரபாண்டியன் தலையெடுத்தான். தன் கல்வெட்டுக்களிற் 'சோழன் தலைகொண்ட' என்று தன்னைக் குறித்துக்கொண்டான். அவன் காலத்துக் கல்வெட்டுக்களைப் பள்ளிமடத்துக் கோயிலில் இன்றும் காணலாம். பின்னர்ச் சேவூர்ப் போர் நிகழ்ந்தது. சுந்தரசோழன் மகன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்ற பட்டத்தைப் புனைந்துகொண்டான். சிறிது காலத்தில் அந்த ஆதித்த கரிகாலனும் கொலையுண்டான். கொன்றவர் பெயர் எங்கே கிடைத்தது தெரியுமா? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில், இராசராச சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில். இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன் முதலிய துரோகிகளுடைய சுற்றத்தாரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த ஆணையும், அந்நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்திற்கு விட்ட செய்தியும் அதிலே உள்ளன. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர் என்பது கருதத்தக்கது.

நீலகண்ட சாஸ்திரியார் இக்கொலையில் உத்தமசோழனுக்குப் பங்குண்டு என்று ஐயுற்றார். பண்டாரத்தார் இதனை உடன்படவில்லை. உத்தமசோழன்மேல் அப்பழியைச் சுமத்தக் கல்வெட்டில் இடமில்லை என்றார். தமையனைக் கொன்றவனுடைய மகனை இராசராசன் தன் ஆட்சியில் உயர்ந்த பொறுப்பில் வைத்துப் போற்றியிருப்பானா என்று வினவினார். செம்பியன் மாதேவியார் வயிற்றிற் பிறந்த பிள்ளைமேல் வந்த பழியை ஒரு சைவர் துடைக்க முயன்றார் என்று சிலர் எளிதாகச் சொல்லக்கூடும். அவர் வாதம் பத்தியின்மேல் எழுந்ததன்று. கல்லின் வரிமேல் எழுந்தது. இவ்விருவருள் யார் சொல்வது சரி என்பதை ஆராய்வோர் இன்றும் ஆராய்கின்றனர். ஆராய்வதற்கு அந்தச் சுவர் நிற்கின்றது, அதனால் ஆராய்கின்றனர். யாரோ ஒருவர் நிலம் வாங்கி அறத்திற்கு விட்ட பத்திரம் அது. அந்த உபயதாரரும், அவர் செய்த அறத்தைக் கல்லில் வெட்டிய தச்சனும் இல்லாவிடில் இரவிதாசன் பெயர் எவர்க்கும் தெரிந்திராது.

நம் கரிசற்சீமைக்கு வருவோம். சோழநாட்டார் ஆறு பாயும் நாட்டினர். கோயிலுக்கு நெல்விளையும் நிலத்தை வேலிக் கணக்கில் எழுதிவைத்தனர். இது வானம் பார்த்த பூமி. இங்குள்ளார் பலர் ஆடுகளைக் கொடுத்தனர். ஒரு நுந்தா விளக்கெரிக்கச் சோழநாட்டில் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவர். பாண்டிநாட்டுக் கல்வெட்டுக்களில் ஐம்பது ஆடு என்ற கணக்கினைப் பலவிடத்தும் காண்கின்றோம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல் சொல்லும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று நகைக்க வேண்டா. ஏற்றுக்கொண்ட இடையர், இறந்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து எண்ணிக்கையைக் குறையாமற் காத்து, நாள்தோறும் நெய் அளந்துவர வேண்டும் என்பது அதன் பொருள். கொடுத்தவர் இறப்பர்; ஏற்றவர் இறப்பர்; விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்று நீங்கள் குழல்விளக்கு ஒன்றை உபயமாகத் தந்து, வெளிச்சம் வெளியே வாராதபடி பெயரையும் அதன்மேல் எழுதிவிடுகின்றீர்கள். (சிரிப்பு.) குற்றம் சொல்லவில்லை; அந்நாளில் ஆடு கொடுத்தவரும் பெயரை எழுதத்தான் செய்தார். எண்ணெய் விளக்கின்மேல் எழுதாமற் கல்லின்மேல் எழுதினார்.

பள்ளிமடத்துக் கல்வெட்டுக்களின் முழு வாசகம் மத்திய அரசின் கல்வெட்டுத் துறையார் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் பதினான்காம் தொகுதியில், 1962இல் அச்சாயிற்று. 'இராமநாதபுரம் ஜில்லா, அருப்புக்கோட்டைத் தாலுகா' என்று நம் ஊர்ப்பெயரை அந்நூலிற் காணலாம். பண்டாரத்தார் மறைந்து ஈராண்டு கழிந்த பின்னர் வந்த நூல் அது. ஆண்டறிக்கைகளிற் கண்ட சிறு குறிப்புக்களையே துணைக்கொண்டு 'பாண்டியர் வரலாறு' எழுதிய பெருமகனார்க்கு அத்தொகுதியைக் கையில் ஏந்தும் பேறு கிட்டவில்லை. அதன்பின் 1967இல் 'பாண்டியர் செப்பேடுகள் பத்து' வெளிவந்தது. புதிய செய்திகள் தெரிந்தன. பண்டாரத்தார் எழுதியவற்றுட் சில திருத்தமும் பெற்றன. ஆராய்ச்சியாளர் முடிபை அடுத்தவர் திருத்தலாம். உளிபட்டுப் போன கல்லைத் திருத்துவார் யார்?

இதனைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பீராயின், உரிமை இல்லை, கடன் உண்டு. அதனை இச்சந்நிதியில் சொல்லிவிடுதல் நலம்.

என் முப்பத்திரண்டாம் வயதிலே, இந்த வறண்ட சீமையிலுள்ள ஒரு சிற்றூர்க் கோயிலிற் பழுது பார்த்தனர். ஊர்ப்பெயர் சொல்லேன், அவ்வூரார்மேற் குற்றமில்லை. மகாமண்டபத்துப் படி தேய்ந்துபோயிருந்தது. பெயர்த்தெடுத்த அதிட்டானக் கற்களைப் படியாக இடலாம் என்றனர். வேலை மேற்பார்த்த முதியவர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், என்னிடம் வந்து, "சாமி, இந்தக் கல்லுல என்னமோ எழுத்து ஓடுது, நீங்க மடத்துல படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க" என்றார். யான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஓர் எழுத்தும் புலப்படவில்லை. சித்தாந்த சாத்திரம் பதினான்கையும் பாடம் கேட்டவன், திருமுறைகளை ஓதத் தெரிந்தவன், 'தெரியவில்லை' என்று சொல்ல நாணினேன். "பழைய கிறுக்கல்தான், ஈசுவரன் காரியத்துக்கு ஆகிவருவதாயின் கொத்திச் சமன் செய்து போடுங்கள்" என்று விடை கொடுத்தேன். அன்று மாலையே கொத்தினர்.

ஐந்தாண்டு கழித்துப் 'பாண்டியர் வரலாறு' என் கைக்கு வந்தது. ஒரே மூச்சிற் படித்தேன். மறுநாள் விடியலிற் பேருந்தேறி அவ்வூருக்குச் சென்றேன். படிக்கற்கள் நான்கு. மூன்றில் உளித்தடம் மட்டும் இருந்தது. நான்காவதன் ஓரத்தில், சுவருக்குள் மறைந்திருந்த பகுதியில், ஒன்றரை விரற்கடை அகலத்திற்கு எழுத்திருந்தது. அதற்குள் யான் சிறிது வட்டெழுத்துப் பயின்றிருந்தேன். 'ஆடு' என்ற இரண்டெழுத்து. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யார் கொடுத்தது, எத்தனை கொடுத்தது, எந்த மன்னன் காலத்தது என்பதெல்லாம் என் ஒரு சொல்லாற் போயின. ஆயிரம் ஆண்டு விளக்கெரித்த ஒருவருடைய புண்ணியத்தை யான் படியில் இட்டு மிதிக்கச் செய்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவர்க்கு அது எழுத்து என்று தெரிந்தது. அவரிடம் சென்று சொல்லலாம் என்று தேடினேன். அவர் முன்னாண்டே காலமாகியிருந்தார்.

பழையோர் இதில் எவ்வளவு விழிப்பாக இருந்தனர் என்பதற்கு இரண்டு செய்தி. பண்டாரத்தார் செம்பியன் மாதேவித் தலத்திற்கு 1959இல் வரலாறு எழுதினார். அந்த அம்மையார் திருக்கோடிகாவற் கோயிலைக் கற்றளியாகப் புதுக்கியபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரிலே மீண்டும் வெட்டுவித்தார். பல்லவர் காலத்தார், பாண்டியர் காலத்தார் கொடுத்த அறங்களையும் விடவில்லை. திருமழபாடியிலோ, இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆண்டிலே ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, பிரிப்பதற்கு முன் கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். அவன் மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆண்டில் அவை புதிய சுவரில் ஏறின. தந்தை காலத்தில் எழுதிக்கொண்ட புத்தகத்தை மகன் காலம்வரை ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார் அல்லவா? அவர் பெயர் நமக்குத் தெரியாது. யான் பெரிதும் வணங்குவது அவரைத்தான்.

இனி நம் கோயில். திருப்பணியின்போது வெளிப்பிராகாரத் தளத்தைப் பெயர்த்ததில் எழுத்துடைய கற்கள் மூன்று அகப்பட்டன. அவை இப்போது மடைப்பள்ளிச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் 'விளக்கு' என்ற சொல் என் கண்ணுக்குப் புலனாயிற்று; மற்றவை சுண்ணாம்பேறி மங்கிக் கிடக்கின்றன. மண்டலாபிடேகம் முடிந்ததும் பிராகாரத்திற்குப் புதுத் தளம் இடுவதற்குக் கல் வந்து இறங்கியிருக்கின்றது; அதற்குப் பொருள் தந்த நெசவுக் குடும்பத்தாரும் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடமும் குழுத்தலைவரிடமும் நேற்று யான் வேண்டிக்கொண்டது இது: அம்மூன்று கற்களையும் தளத்திலோ படியிலோ இடாமல், திருச்சுற்று மாளிகைச் சுவரில், எழுத்து வெளித்தெரியும்படி, மழைச்சாரல் படாத உயரத்தில் பதித்துத் தருக. அதிட்டானத்துக் குமுதத்திலும் பட்டிகையிலும் எழுத்துள்ள இடங்களிற் பளபளப்பு வண்ணம் பூசவேண்டா. மணலைக் காற்றோடு பீய்ச்சிக் கல்லைத் துலக்கும் பொறியை உள்ளே விடவேண்டா. அஃது அழுக்கோடு எழுத்தையும் கொண்டுபோம். தலைவர் இசைந்தார். தளத்தின் உபயதாரரோ, தம் பெயர் பொறிக்கும் பலகையை அக்கற்களுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் விளக்குக்குக் கொடுத்தவருக்குப் பக்கத்திலே இடம் கிடைப்பது எளிதா?

மைப்படி எடுக்கத் தெரிந்த அன்பர் ஒருவர் கும்பாபிடேகத்திற்கு மறுநாட் காலை வருகின்றார். கல்லை நீரால் துலக்கி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்திற் படியச் செய்து, பின் மை ஒற்றி எடுப்பார். அரைநாள் வேலை. அன்புகூர்ந்து அதுகாறும் அக்கற்களைத் தெய்வமென்று கருதி எண்ணெய் வார்க்கவும், திருநீறும் குங்குமமும் அப்பவும் வேண்டா. நேற்று மாலை யாரோ ஒரு தாயார் ஒரு கல்லில் மஞ்சள் பூசியிருந்தார், யான் துடைத்துவிட்டேன், அவர் மனம் வருந்தலாகாது. பிள்ளைகள் வந்து படியெடுப்பதைப் பார்க்கட்டும். பள்ளி விடுமுறை நாள்தான். வாசிக்க வாசிக்க, கிடைக்கும் வாசகத்தை யான் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்வேன். இம்மலரில் இடமிருப்பின் அச்சிடுவதாக ஆசிரியர் வாக்களித்துள்ளார். இல்லையேல் வாகனமண்டபத்துப் பலகையில் ஒட்டிவைப்போம்.

திருச்சிற்றம்பலம்